ரோமாபுரிச் சட்டமும் அதைக் கற்றவர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசிய பெருமக்கள் அதனைக் குறைவறச் சொல்லிவிட்டார்கள். நான் முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருபவன். எனக்குத் தெரிந்த பாடத்தையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ரோமாபுரியில் எவர் ஆண்டால் நமக்கென்ன?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன். அது தவறு. அந்த மாணவனுக்கு அன்று சொல்லாத விடையை இன்று உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

ரோமாபுரி மன்னர்களை விரட்டிக் குடியரசானது கி.மு. 509 என்பது மரபு. மன்னருக்குப் பதிலாக ஆண்டுக்கு இருவராகக் கான்சல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஓராண்டு முடிந்ததும் இருவரும் இறங்கிவிட வேண்டும். மூத்தோர் அவையாகிய செனட் அவர்களுக்கு அறிவுரை கூறியது. ஏட்டில் பார்த்தால் எத்துணை அழகிய ஏற்பாடு! ஆனால் கான்சல் பதவியும், பூசகர் பதவியும், தெய்வக் குறி பார்க்கும் உரிமையும் பெட்ரீசியர் எனப்பட்ட சில உயர்குடிக் குடும்பங்களின் கைகளிலேயே இருந்தன. ஏனைய மக்கள் பிளிபியர். அவர்கள் உழுதார்கள், வரி செலுத்தினார்கள், போர் வந்தால் படையில் நின்று உயிரைக் கொடுத்தார்கள். போருக்குச் சென்றவன் நிலம் தரிசாகும், கடன் வாங்குவான், கடனைத் தீர்க்க இயலாதபோது அவன் உடலே ஈடாகும். கடன் கொடுத்தவன் வீட்டில் விலங்கு பூண்டு உழைக்க வேண்டும்.

கி.மு. 494-இல் பிளிபியர் ஒரு காரியம் செய்தார்கள். ஆயுதம் எடுக்கவில்லை, தீ வைக்கவில்லை. நகரைவிட்டு வெளியேறிப் புனித மலை என்னும் குன்றின்மேல் அமர்ந்துகொண்டார்கள். நகரத்தில் வேலைக்கு ஆளில்லை. எல்லையில் படைக்கு ஆளில்லை. அவர்களைச் சமாதானப்படுத்த மெனெனியஸ் அகிரிப்பா என்பவர் சென்று, கை கால்கள் வயிற்றோடு பிணங்கிய கதையைச் சொல்லி மனத்தை மாற்றினார் என்று நூல்கள் கூறும். அக்கதையை நானும் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆயினும் வயிறு நிறைந்தவர் சொன்ன கதை அது என்பது என் கருத்து. மக்களைத் திரும்ப அழைத்து வந்தது கதையன்று. டிரிபியூன் என்னும் புதிய பதவி. பிளிபியரே தம்முள் தேர்ந்தெடுக்கும் காவலர் அவர். எந்த அதிகாரியின் ஆணையையும், ஒரு பிளிபியனைக் காக்கும் பொருட்டு, அவர் தடுத்து நிறுத்தலாம். 'நான் தடுக்கிறேன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இன்று உலகெங்கும் வழங்கும் 'வீட்டோ'. டிரிபியூனின் உடல்மேல் எவரும் கை வைக்கலாகாது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். நம்மவர் ஒருவர் ஒரு பதவிக்கு வந்த பின் அவர் வீட்டுக் கதவு எவ்வாறு இருக்கிறது என்பதை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே செல்கிறேன்.

காவலர் கிடைத்தார், ஆனால் எதைக் கொண்டு காப்பது? சட்டம் எது என்பது எங்கும் எழுதப்படவில்லை. அது உயர்குடிப் பூசகர்களின் நினைவில் இருந்தது. வழக்குக்கு வந்தவனிடம் 'சட்டம் இது' என்று அவர்கள் சொன்னால் அதுவே சட்டம். கி.மு. 462-இல் தெரெந்திலியஸ் ஹார்சா என்ற டிரிபியூன் எழுந்து சட்டத்தை எழுதி வைக்க வேண்டும் என்றார். பத்தாண்டுகள் இழுபறி நடந்தது. இறுதியில் கி.மு. 451-இல் பத்துப் பேர் கொண்ட குழு அமைந்து பத்துப் பலகைகளையும், மறு ஆண்டில் மேலும் இரண்டையும் எழுதிற்று. பன்னிரு பலகைகள் என்று வரலாறு புகழும் சட்டம் இதுவே. ஊர் நடுவே, மன்றத்தில், எல்லோர் கண்ணிலும் படுமாறு அது வைக்கப்பட்டது. ரோமச் சிறுவர்கள் அதைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்தார்கள். தம் இளமைக் காலத்தில் தாமும் அவ்வாறு படித்ததாகச் சிசரோ எழுதியிருக்கிறார்.

அச்சட்டம் கருணை மிக்கதா? இல்லவே இல்லை. சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300 செப்புக் காசு தண்டம். அடிமையின் எலும்பை முறித்தால் 150. கடன்பட்டவனுக்குத் தீர்ப்பின் பின் 30 நாள் தவணை. அதற்குள் தீர்க்காவிடில் 60 நாள் விலங்கு. அதன் பின்னும் தீர்க்காவிடில் டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்கப்படலாம். இத்தனை கொடுமையும் அதில் உண்டு. ஆயினும் தவணை 30 நாள் என்பது எழுத்தில் இருந்தது. 29-ஆம் நாள் ஒருவனைப் பிடிக்க வந்தால், அவன் பலகையைச் சுட்டிக்காட்ட இயலும். அவன் பெற்ற ஆதாயம் அவ்வளவே. அவ்வளவும் அவனுக்குப் பெரிது.

இன்னொன்றையும் அப்பலகைகளில் எழுதினார்கள். பெட்ரீசியரும் பிளிபியரும் தம்முள் மணம் செய்துகொள்ளலாகாது என்று கடைசி இரு பலகைகளில் விதித்தார்கள். சட்டத்தை எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கே, அவர்களது இழிவையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள்! குருதி கலந்துவிடும், தெய்வக் குறிகள் குழம்பிவிடும் என்பது உயர்குடியினர் சொன்ன காரணம். எழுதப்பட்டதனால் ஒரு நன்மை விளைந்தது: கண்ணுக்குத் தெரிந்த எதிரியோடு போரிடலாம் அல்லவா? ஐந்தே ஆண்டுகளில், கி.மு. 445-இல், கனூலியஸ் என்ற டிரிபியூன் அத்தடையை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார்.

கி.மு. 367-இல் கான்சல் பதவி பிளிபியருக்குத் திறந்தது. கடனுக்காக உடலை ஈடு வைக்கும் கொடுமை கி.மு. 326-இல் ஒழிக்கப்பட்டது என்பர். கி.மு. 300-இல் பூசகர் பதவிகள் திறந்தன. கி.மு. 287-இல் பிளிபியர் மன்றத்தின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. முதல் வெளியேற்றத்திலிருந்து கணக்கிட்டால் 207 ஆண்டுகள். ஏழெட்டுத் தலைமுறை. வாக்குரிமையும் பதவியும் கிடைத்த பின்னரும், சமயத்தின் திறவுகோல் மேலோர் கையிலேயே இருந்தால் ஒடுக்கப்பட்டோரின் வெற்றி முழுமை பெறாது என்பதற்கு இந்தப் பிளிபியரின் வரலாற்றையே எடுத்துக்காட்டினார் அண்ணல் அம்பேத்கர். 'சாதி ஒழிப்பு' குறித்து அவர் 1936-இல் நூலாக வெளியிட்ட, மேடையில் நிகழ்த்தப்படாத அந்த உரையில் இதனைக் காணலாம். இந்நாட்டில் ரோம வரலாற்றை நமக்காகப் படித்தவர் அவர்.

இளைஞர்களே! இனி நான் சொல்லப் போகும் செய்தியைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

சட்டம் எழுதப்பட்டது; எல்லோரும் படித்தனர். அப்படியாயினும் எளியவன் வழக்கில் வெல்ல இயலவில்லை. ஏன்? எந்த நாளில் மன்றம் கூடும், எந்த நாளில் கூடாது என்னும் நாட்குறிப்பு பூசகர்களிடம் மறைவாக இருந்தது. வழக்குத் தொடுப்பவன் எந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும் என்னும் வாய்பாடும் அவர்களிடமே இருந்தது. ஒரு சொல் பிசகினாலும் வழக்குப் போயிற்று. காயஸ் என்னும் சட்ட ஆசிரியர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒருவனுடைய திராட்சைக் கொடிகளை மற்றொருவன் வெட்டிவிட்டான். வழக்குத் தொடுத்தவன் 'கொடி' என்று சொன்னான். பன்னிரு பலகைகளில் இருந்த சொல் 'மரம்'. கொடி வெட்டப்பட்டது உண்மை; வெட்டியவன் எவன் என்பதும் தெரியும்; ஆயினும் சொல் தவறியமையால் வழக்கு தோற்றது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தந்தையார் எங்கள் வீட்டுமனைப் பட்டாவுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு ஆண்டுகள் நடந்தார். மனு முறைப்படி இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருப்பினார்கள். எது முறை என்று எவரும் சொல்லவில்லை. நான் படித்து முடித்து வந்த பின் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். 'நத்தம்' என்று இருக்க வேண்டிய இடத்தில், மனு எழுதிக் கொடுத்தவர் 'புறம்போக்கு' என்று எழுதியிருந்தார். ஒரு சொல்! அந்த அலுவலகம் எது என்பது இங்கு வேண்டாம். என் தந்தையார் அந்த மண்ணைத் தம் பெயரில் பார்த்துவிட்டுத்தான் கண் மூடினார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ரோமாபுரிக்குத் திரும்புவோம். கிநேயஸ் பிளேவியஸ் என்று ஒருவர். அவர் தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். மகன் எழுதப் படிக்கக் கற்று அரசு எழுத்தராக, நம் வழக்கில் சொன்னால் குமாஸ்தாவாக, வேலை பார்த்தார். அப்பியஸ் கிளாடியஸ் என்னும் பெருந்தலைவரிடம் எழுத்தராயிருந்த காலத்தில் அந்த வாய்பாடுகள் அவர் கைக்கு எட்டின. அவர் அவற்றைத் தொகுத்து ஊரறிய வெளியிட்டுவிட்டார். வழக்கு நாட்களின் குறிப்பையும் வெள்ளையடித்த பலகைகளில் எழுதி மன்றத்தைச் சுற்றி வைத்தார். அதுவரை 'எந்த நாள் நல்ல நாள்' என்று பூசகரிடம் கை கட்டி நின்று கேட்ட உழவன், இனித் தானே பார்த்துக்கொள்ளலாம்.

மக்கள் அவரைக் கி.மு. 304-இல் ஈடைல் என்னும் உயர்பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்தர் வேலையில் இருப்பவன் இப்பதவிக்கு வரலாகாது என்று தடை எழுந்தது. அவர் எழுதுபலகையைக் கீழே வைத்து, இனி அத்தொழில் செய்யேன் என்று ஆணையிட்டுப் பதவியேற்றார். உயர்குடியினர் பலர் துக்கம் காப்பதுபோலத் தம் பொன் மோதிரங்களைக் கழற்றி வைத்தார்கள் என்று லிவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

அவர் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பிளேவியஸ் தம்மோடு பதவி வகித்தவர் நோயுற்றிருக்கிறார் என்று பார்க்கச் சென்றார். அங்கே உயர்குடி இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதவியில் இருப்பவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், ஒருவரும் எழவில்லை. தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டு செய்த அவமதிப்பு அது. பிளேவியஸ் கோபிக்கவில்லை, எவரையும் எழச் சொல்லவும் இல்லை. ஆளனுப்பி, தம் பதவிக்குரிய தந்த நாற்காலியை அங்கேயே கொண்டுவரச் செய்தார். அவர்கள் எதிரில் அதைப் போட்டு அமர்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதன்முதலில் தலைமை ஆசிரியராகச் சென்ற ஊரில் எனக்கு நேர்ந்த சிலவற்றை இங்கு விரிக்க விரும்பவில்லை. அந்நாட்களில் இந்த நாற்காலியை நான் பலமுறை நினைத்துக்கொண்டது உண்டு.

குடியரசு கழிந்து பேரரசு வந்தது. கி.மு. 27-இல் அகஸ்டஸ் அதிகாரம் அனைத்தையும் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். செனட்டும் கான்சல்களும் பெயரளவில் இருந்தனர். டிரிபியூனின் அதிகாரத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்; ஏழைகளின் கதவு அரண்மனைக் கதவாயிற்று. பிரிட்டன் முதல் சிரியா வரை பரந்த மாகாணங்களை ஆளுநர்கள் ஆண்டார்கள். வரி தண்டுவது, வழக்குத் தீர்ப்பது, அமைதி காப்பது ஆகியவை அவர்கள் கடமை. ஆளுநர் தீயவரானால் என்ன நேரும் என்பது குடியரசின் கடைசிக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. சிசிலியை ஆண்ட வெர்ரஸ் என்பவர், 'நான் ரோமக் குடிமகன்' என்று கதறிய ஒருவரையே சாட்டையால் அடித்துச் சிலுவையில் ஏற்றினார். கி.மு. 70-இல் சிசரோ அவர்மேல் வழக்குத் தொடுத்தபோது, தீர்ப்புக்கு முன்பே வெர்ரஸ் நாட்டைவிட்டு ஓடிவிட்டார். அதே சொற்கள் பின்னாளில் பயன்பட்டதும் உண்டு. விவிலியம் படித்தவர்கள் அறிவீர்கள்: பவுல் தாம் ரோமக் குடிமகன் என்று சொன்னதும் சாட்டை நின்றது, பின்னர்ப் பேரரசரிடமே முறையிடுகிறேன் என்றார், ஆளுநர் அவரை ரோமாபுரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆக, சட்டம் ஒன்றுதான். அது காத்ததும் காக்காததும் அதைக் கையில் வைத்திருந்தவரைப் பொறுத்தது.

ரோமர் கணக்கிலும் ஆவணத்திலும் வல்லவர்கள். நம் சேரநாட்டு முசிறித் துறைமுகத்தோடு நடந்த வாணிபத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எகிப்து நாட்டுப் பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கிறது. சரக்கின்மேல் நான்கில் ஒரு பங்கு சுங்கம் என்பது அதனால் தெரிகிறது. நம் மிளகு ரோமச் சட்டத்துக்கு உட்பட்டே அந்நாட்டுக்குள் சென்றது.

அப்பேரரசின் கரும்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையான ஆசிரியன் ஆகேன். கி.பி. 61-இல் ரோமாபுரியின் நகரத் தலைவர் பெடானியஸ் செக்குந்தஸ் தம் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். அவ்வாறு நேர்ந்தால் அந்த வீட்டிலிருந்த அடிமைகள் அனைவரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அவர்கள் 400 பேர். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. நகர மக்கள் கொதித்தெழுந்து தெருவில் திரண்டனர். செனட்டில் சிலர் தயங்கினர். அப்போது எழுந்து, பழைய முறையை மாற்றலாகாது, அச்சத்தால்தான் அடிமைகளை அடக்க முடியும் என்று வாதாடியவர் காயஸ் காசியஸ். அவர் யார்? அக்காலத்துச் சட்ட அறிஞர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். அவர் பெயரால் ஒரு சட்டப் பள்ளியே வழங்கிற்று. நீரோ மன்னன் வழிநெடுகப் படைவீரர்களை நிறுத்தி 400 பேரையும் கொல்வித்தான். கற்ற சட்டம் நெஞ்சை ஈரமாக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பேரரசர்கள் சிலர் சிறிது தளர்த்தினார்கள். நோயுற்ற அடிமையை வெளியே எறிந்துவிட்டால் அவன் விடுதலை பெறுவான் என்றார் கிளாடியஸ். தன் அடிமையைக் காரணமின்றிக் கொன்றவன், பிறன் அடிமையைக் கொன்றவனைப்போலவே குற்றவாளி என்றார் அன்டோனினஸ் பயஸ். கி.பி. 212-இல் கரக்கல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை வழங்கினார். வரி வருமானத்தைப் பெருக்கவே அவ்வாறு செய்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ கூறுகிறார். பவுலைக் காத்த சொல் இப்போது எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் அதற்குள் அச்சொல்லின் வலு குறைந்துவிட்டது. சட்டம் மக்களை மேன்மக்கள் என்றும் கீழ்மக்கள் என்றும் வேறு வகையில் பிரித்துக்கொண்டது. ஒரே குற்றத்துக்கு மேன்மகனுக்கு நாடு கடத்தல். கீழ்மகனுக்குச் சுரங்க வேலை, அல்லது விலங்குகளுக்கு இரை. பூட்டைத் திறந்தால் கதவையே மாற்றிவிடும் கலையில் ஆள்வோர் எந்நாளும் தேர்ந்தவர்கள்.

இவையனைத்தையும் தொகுத்தவர் ஜஸ்டீனியன். டிரிபோனியன் தலைமையில் அமைந்த குழு, ஏறத்தாழ 2000 ஏடுகளில் சிதறிக் கிடந்த அறிஞர் கருத்துகளை 50 நூல்களாகச் சுருக்கிக் கி.பி. 533-இல் முடித்தது. அவ்வாண்டிலேயே மாணவர்களுக்கென ஒரு பாடநூலும் வந்தது. அது சட்டம் பயில ஆர்வமுள்ள இளைஞர்களை விளித்து எழுதப்பட்டது. இயற்கை நீதியின்படி மனிதர் அனைவரும் சுதந்திரமாகவே பிறந்தனர் என்று அந்நூல் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டே, அடிமைகளைப் பற்றிய விதிகளையும் வகுக்கிறது. இன்றைய ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டங்களுக்கு ரோமச் சட்டமே வேர்.

ஒரே ஒரு செய்தியோடு அமர்கிறேன். ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா நாட்டில், பேரரசருக்குச் சொந்தமான பெரும் பண்ணை ஒன்று இருந்தது. குத்தகைதாரர் அதை எடுத்து நடத்தினார். அங்கே உழுது வாழ்ந்த ஏழைக் குடிகள், விளைச்சலில் பங்கும், ஆண்டுக்கு ஆறு நாள் இலவச உழைப்பும் தர வேண்டும்: உழவுக்கு இரண்டு, களைக்கு இரண்டு, அறுவடைக்கு இரண்டு. குத்தகைதாரர் ஆறு நாளை மிஞ்சி வேலை வாங்கினார். பேரரசரின் அதிகாரிகள் அவர் கொடுத்த வெகுமதிகளை வாங்கிக்கொண்டு வாய் மூடியிருந்தார்கள். முறையிட்டவர்கள்மேல் படைவீரர்களை ஏவினார்கள், சிலரைக் கட்டினார்கள், ரோமக் குடிமக்களையும் தடியால் அடித்தார்கள்.

கி.பி. 180-ஐ அடுத்த ஆண்டுகளில் அக்குடிகள் கொம மோடஸ் பேரரசருக்கு ஒரு மனு எழுதினார்கள். கைகளால் உழைத்துப் பிழைக்கும் எளிய நாட்டுப்புறத்தார் நாங்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அழுததோடு நிற்கவில்லை. ஹேட்ரியன் பேரரசர் வகுத்த விதி இன்னது, அதில் நாள் கணக்கு இத்துணை என்று எடுத்துக்காட்டினார்கள். கார்த்தேஜ் நகர அலுவலகத்தின் ஆவணங்களில் முந்தைய அதிகாரிகளின் கடிதங்கள் உள்ளன, எடுத்துப் பாருங்கள் என்றும் எழுதினார்கள். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் இருக்கிறது என்று அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது!

பேரரசரின் விடை வந்தது. மும்முறை இரண்டு நாள், அதற்கு மேல் கேட்கலாகாது என்று அதில் இருந்தது. அக்குடிகள் அந்த விடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தம் மனுவையும் விடையையும் கல்லில் வெட்டிப் பண்ணையிலேயே நாட்டினார்கள். குத்தகைதாரர் அதைப் பார்த்துக்கொண்டே போகவும் வரவும் வேண்டும். அந்தக் கல் மண்ணுக்குள் கிடந்து 19-ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. கொமமோடஸ் எழுதியதைவிட அந்த உழவர்கள் எழுதிய பகுதியே அதில் நீளமானது.